கருத்துப்போறது மட்டும்தானா வெயிலோட வேலை?

முகத்துல சுருக்கம் விழுந்தாலும் சரி, புறங்கையில பழுப்பா புள்ளி வந்தாலும் சரி, நாம உடனே சொல்றது வயசாயிடுச்சுன்னுதான். ஆனா அந்த வயசு உடம்பு முழுக்க ஒரே மாதிரி ஏறலையே, அதை யாரும் பெருசா கவனிக்கிறதில்ல. முன்னங்கையோட வெளிப்பக்கத்தையும், மேல்கையில அக்குள் பக்கமா உள்ள மறைஞ்சிருக்கிற தோலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே நாள்ல பொறந்தது, ரெண்டுலயும் ஒரே ரத்தம் ஓடுது, ரெண்டுலயும் அப்பா அம்மா குடுத்த அதே டிஎன்ஏதான். அப்புறம் ஏன் ஒண்ணு சொரசொரன்னு கோடு கோடா இருக்கு, இன்னொண்ணு இன்னும் மழமழன்னு இருக்கு?

எங்க தாத்தா கடைசி வரைக்கும் லெதர் ஸ்ட்ராப் வாட்ச் கட்டினவர். ராத்திரி அதைக் கழட்டி வைக்கும்போது மணிக்கட்டைச் சுத்தி ஒரு பட்டை தெரியும். பட்டைக்கு வெளிய தோல் தடிச்சுப்போய், கட்டம் கட்டமா வரி விழுந்து, அங்கங்க கரும்புள்ளியும் அரிசி சைஸ்ல வெள்ளைப்புள்ளியும் கலந்து இருக்கும், லேசா கிள்ளிவிட்டா கிள்ளின மடிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்புறம்தான் படியும். பட்டைக்குள்ள இருக்கிற தோல்ல இது எதுவுமே இல்ல. அந்தப் பட்டைக்கும் 80 வயசு தாண்டியாச்சு, ஆனா பார்த்தா நம்ப முடியாது. வாட்ச் ஸ்ட்ராப் என்ன மருந்தா தடவிச்சு, வெளிச்சத்தை மறைச்சுது, அவ்வளவுதான்.

இதையே இன்னும் பளிச்னு காட்டுற ஒரு போட்டோ 2012ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. 69 வயசு லாரி டிரைவர், 28 வருஷம் வண்டி ஓட்டினவர். அமெரிக்காவுல டிரைவருக்கு இடது பக்கம்தான் ஜன்னல். அவரோட முகத்துல வலது பாதி ஒரு வயசு, இடது பாதி அதைவிட ரொம்ப அதிக வயசு மாதிரி இருக்கும், இடது கன்னம் தடிச்சு, தொங்கி, ஆழமா வரி விழுந்து. இதுல முக்கியமா பார்க்க வேண்டியது என்னன்னா பக்கத்துல இருந்தது கண்ணாடி ஜன்னல், சுடுற வெயில் நேரா அடிக்கல, தோல் செவந்து வெந்து போகல, ஆனாலும் இவ்வளவு ஆயிருக்கு. ஏன்னு புரியணும்னா வெயிலைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும்.

வெயில்ல கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கில்ல, அதுல நம்ம வரைக்கும் வந்து சேர்றது ரெண்டு வகை. யூவிபி, அலைநீளம் 280லேர்ந்து 315 நானோமீட்டர் வரைக்கும். யூவிஏ, 315லேர்ந்து 400 வரைக்கும். இதைவிட ஆபத்தான யூவிசியை ஓசோன் படலம் முழுசா நிறுத்திடுது, யூவிபியிலயும் பெரும்பகுதியை அதுதான் தடுக்குது, அதனால தரைக்கு வர்ற புற ஊதாவுல ஏறக்குறைய 95 சதவீதம் யூவிஏதான். யூவிபி தோலோட மேல் அடுக்குலயே பெரும்பாலும் நின்னுடும், செவந்து போறது எரியுறது எல்லாம் முக்கியமா அதோட வேலை, சாதாரண கண்ணாடி அதைத் தடுத்துடும். யூவிஏ அப்படி இல்ல, கண்ணாடி வழியாவும் நிறைய வரும், தோல்லயும் ஆழமா கீழ் அடுக்கு வரைக்கும் இறங்கும், எரிச்சல் குடுக்காததால நமக்குத் தெரியவும் தெரியாது.

சரி, செல்லுக்குள்ள என்ன ஆகுது? டிஎன்ஏவுல நாலு எழுத்துதான், அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். இதுல தைமினோ சைட்டோசினோ, ஒரே எழுத்தா இருந்தாலும் சரி கலந்து இருந்தாலும் சரி, ரெண்டு பக்கத்துல பக்கத்துல வர்ற இடத்துல யூவிபி வந்து விழுந்தா, அந்த ரெண்டு எழுத்தும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஜிப்புல பக்கத்துப் பல்லு ரெண்டு சூட்டுல உருகி ஒட்டிக்கிட்டா ரன்னர் அங்க வந்து சிக்கி நின்னுடும் பாருங்க, அந்த மாதிரி டிஎன்ஏவைப் படிச்சுக்கிட்டே வர்ற என்சைம் இந்த இடத்துல வந்து மாட்டிக்கும். இதுக்குப் பேரு டைமர். இது உருவாக ஆகுற நேரம் ஒரு பிகோ செகண்ட் அளவுதான், அதாவது ஒரு செகண்டை லட்சம் கோடியா பிரிச்சா அதுல ஒரு பங்கு. வெயில்ல ரொம்ப நேரம் நின்னாதான் பாதிப்பு ஆரம்பிக்கும்னு நாம மனசுல வச்சிருக்கிற கணக்கு இந்த லெவல்ல செல்லாது. முதல் போட்டான், அதாவது ஒளித்துகள், விழுந்த உடனேயே ஆரம்பிச்சிடுது. நல்ல வெயில் நாள்ல, மூடாத தோல்ல இருக்கிற ஒரே ஒரு செல்லுக்குள்ள மட்டும் இப்படி ஒரு லட்சம் சேதம் வரைக்கும் ஆகலாம்னு ஒரு மதிப்பீடு இருக்கு. யூவிஏவும் கொஞ்சம் டைமர் உண்டாக்கும், ஆனா அது அதிகமா பண்றது வேற, செல்லுக்குள்ள ரியாக்டிவ் ஆக்சிஜனை, அதாவது எதோடயும் சட்டுன்னு வினை புரியுற ஆக்சிஜனைக் கிளப்பிவிட்டு குவானைன் எழுத்தை ஆக்ஸிடைஸ் பண்ணிடும்.

ஒரு லட்சம்னு கேட்டதும் பயமா இருக்கும். அவ்வளவு சேதத்தோட நாம எப்படி உயிரோட இருக்கோம்? ரிப்பேர் நடக்குது, அதான். எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்ச பகுதி இது. நியூக்ளியோடைடு எக்சிஷன் ரிப்பேர்னு ஒரு ஏற்பாடு, டிஎன்ஏ இழை எங்க வளைஞ்சு கோணலா இருக்குன்னு சில புரோட்டீன்கள் ஓயாம தேடிக்கிட்டே இருக்கும், கண்டுபிடிச்ச உடனே இழையை அந்த இடத்துல பிரிச்சு, ஒட்டிக்கிட்ட ரெண்டு எழுத்துக்கும் ரெண்டு பக்கமும் வெட்டி, 24லேர்ந்து 32 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டை அப்படியே எடுத்துத் தூரப் போட்டுட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதுசா நிரப்பி ஒட்டிடும். ரெண்டு எழுத்து கெட்டதுக்கு முப்பது எழுத்தை மாத்துது, அவ்வளவு ஜாக்கிரதை. இதோட மெக்கானிசத்தைப் படிப்படியா விளக்கினவர் அசீஸ் சஞ்சார், துருக்கியில டாக்டரா வேலை பார்த்துட்டு அப்புறம் அமெரிக்காவுக்கு ஆராய்ச்சி பண்ணப் போனவர், 2015ல தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச் கூட சேர்ந்து கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினார். அவர் முதல்ல ஆராய்ச்சி பண்ணினது ஃபோட்டோலயேஸ்ங்கிற வேற ஒரு என்சைமை. பாக்டீரியா, செடி, மீன், தவளை இதுல எல்லாம் அது இருக்கு, நீல வெளிச்சத்தையே சக்தியா எடுத்துக்கிட்டு ஒட்டின எழுத்தை நேரடியா பிரிச்சு விட்டுடும், வெட்டவும் வேணாம் ஒட்டவும் வேணாம். நமக்கு அது இல்ல. கருப்பையில குட்டியை வளர்க்கிற பாலூட்டி வம்சம் பரிணாமத்துல எங்கயோ அதைத் தொலைச்சிடுச்சு. அதனால நம்ம கையில இருக்கிறது இந்த வெட்டி ஒட்டுற முறை மட்டும்தான், அது நல்ல முறைதான் ஆனா நேரம் பிடிக்கும். சில வகை சேதத்தை சில மணி நேரத்துல சரி பண்ணிடும், டைமரை முழுசா எடுக்க ஒரு நாளுக்கு மேலயும் ஆகும், அதுக்குள்ள அடுத்த நாள் வெயில் வந்துடும்.

இந்த ரிப்பேர் இல்லாமப் போனா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க நாம கற்பனை பண்ண வேண்டியதே இல்ல. ஜீரோடெர்மா பிக்மென்டோசம்னு ஒரு பரம்பரை நோய், 1870கள்லயே மோரிட்ஸ் கபோசி அதைப் பத்தி எழுதிட்டார், ஆனா காரணம் தெரிய கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. 1968ல ஜேம்ஸ் கிளீவர் அந்த நோயாளிகளோட தோல் செல்லை எடுத்து யூவி அடிச்சுப் பார்த்தப்போதான் இந்த செல்களால டிஎன்ஏவை ரிப்பேர் பண்ண முடியலைன்னு தெரிஞ்சுது. வெட்டி ஒட்டுற அந்த டீம்ல ஏதோ ஒரு ஜீன் பழுது. இந்தக் குழந்தைகள்ல நிறைய பேருக்குக் கொஞ்ச நேர வெயிலே கொப்புளம் போட வச்சிடும், நடக்கப் பழகுற வயசுலயே முகமெல்லாம் புள்ளி விழ ஆரம்பிச்சிடும், தோல் வயசானவங்க தோல் மாதிரி ஆயிடும். முதல் தோல் கேன்சர் வர்ற வயசு சராசரியா 9. மத்தவங்களுக்கு அது 60ஐத் தாண்டினதுக்கு அப்புறம். ஜன்னல் எல்லாத்துக்கும் ஃபில்டர் ஒட்டி, வெளிய போகணும்னா முகத்துக்கு முழு ஷீல்டு போட்டு, பகலை ராத்திரியா மாத்தி வளர்க்கிற பெத்தவங்க இருக்காங்க. அவங்களைப் பத்திப் படிச்சதுக்கு அப்புறம் நாம சாதாரணமா வெயில்ல நடந்து போயிட்டு வர்றதே எவ்வளவு பெரிய வேலைக்கு நடுவுல நடக்குதுன்னு தோணுது, நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அது சத்தமில்லாம நடந்துக்கிட்டே இருக்கு.

இதோட சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு நோய் காக்கேன் சிண்ட்ரோம். இதுவும் ரிப்பேர் பழுதுதான், ஆனா வேற இடத்துல. ஒரு ஜீனைப் படிச்சுக்கிட்டு இருக்கும்போது நடுவுல சேதம் வந்து மாட்டினா அதை உடனே எடுத்துவிடுற குழு ஒண்ணு தனியா இருக்கு, அது வேலை செய்யாது. இந்தக் குழந்தைகளுக்கும் வெயில் ஆகாது, வளர்ச்சி நின்னு, கண்ணு உள்ள போய், சின்ன வயசுலயே முதுமை வந்துடும். ஆனா தோல் கேன்சர் வர்றதில்ல! மொதல் தடவை இதைப் படிச்சப்போ ரொம்ப நேரம் அப்படியே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். சேதமான செல்லுக்கு முன்னாடி ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு வேலையை நிறுத்திட்டு சாகும் இல்ல தூங்கிடும், அப்போ திசு மெலிஞ்சு முதுமை வருது. இன்னொண்ணு தப்போடயே தொடர்ந்து பிரிஞ்சு பெருகும், அப்போ கேன்சருக்கு வழி திறக்குது. நம்ம எல்லாரோட தோல்லயும் இந்த ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சமா நடக்குது.

தப்போட பெருகுறதுன்னா என்னன்னு பார்ப்போம். ஒட்டிக்கிட்ட எழுத்தை எடுக்கிறதுக்குள்ள செல் பிரிய ஆரம்பிச்சிடுச்சுன்னா, காப்பி எடுக்கிற என்சைம் அந்த இடத்துல குத்துமதிப்பா ஒரு எழுத்தைப் போட்டுட்டுப் போயிடும். சைட்டோசின் இருந்த இடத்துல தைமின் வந்துடும். சில சமயம் பக்கத்துல பக்கத்துல இருக்கிற ரெண்டு சைட்டோசினும் சேர்ந்தே ரெண்டு தைமினா மாறிடும், இந்த ஜோடி மாற்றம் வேற காரணத்தால ரொம்ப அபூர்வமாதான் வரும், அதனால ஒரு செல்லோட டிஎன்ஏவைப் படிச்சாலே இது வெயில் பண்ணின வேலைன்னு சொல்லிட முடியுது. சிகரெட்டுக்கு ஒரு தடம் இருக்கு, வெயிலுக்கு இது தடம்.

2015ல சயின்ஸ் பத்திரிகையில வந்த ஒரு ஆராய்ச்சியை நான் பார்க்கிறவங்க கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன். இங்கிலாந்துல வெல்கம் டிரஸ்ட் சேங்கர் இன்ஸ்டிட்யூட்ல இனிகோ மார்ட்டின்கொரேனா, பீட்டர் கேம்ப்பெல் குழு பண்ணினது. கண் இமை தொங்கிப்போனவங்களுக்கு ஆபரேஷன்ல கொஞ்சம் தோலை வெட்டி எடுப்பாங்க, அப்படி நாலு பேர் கிட்டேர்ந்து எடுத்த தோல், 55லேர்ந்து 73 வயசு வரைக்கும், யாருக்கும் அந்த இடத்துல கேன்சர் இல்ல, பார்க்க சாதாரண தோல். அதை 234 குட்டிக் குட்டித் துண்டாக்கி, கேன்சரோட சம்பந்தப்பட்ட 74 ஜீன்களை ரொம்ப ஆழமா படிச்சாங்க. என்ன தெரிஞ்சுதுன்னா பத்து லட்சம் எழுத்துக்கு 2லேர்ந்து 6 மாற்றம் இருக்கு, மொத்த ஜீனோமுக்குக் கணக்குப் போட்டா ஒவ்வொரு செல்லுலயும் ஆயிரக்கணக்குல வரும், இது சில கேன்சர் கட்டிகள்ல இருக்கிற அளவுக்கே சமம். அதைவிட, செல்கள்ல ஏறக்குறைய நாலுல ஒரு பங்குல கேன்சருக்குக் கொண்டுபோகக் கூடிய வகை மாற்றமே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கு. நாட்ச்1, பி53ன்னு எந்த ஜீன் பேரைத் தோல் கேன்சர்ல அடிக்கடி கேட்போமோ அதே பேரு. தோல் மட்டும் எந்தக் குறையும் இல்லாம தன் வேலையைப் பண்ணிக்கிட்டு இருக்கு.

அப்போ நம்ம தோல் ஒரே டிஎன்ஏ இருக்கிற ஒரே துணி இல்ல. ஒவ்வொரு செல்லும் தனித்தனியா மாறி, மாறினது பெருகி, தோலுக்குள்ளயே சின்னச் சின்ன கூட்டமா இடம் பிடிச்சிருக்கு. கை மேல தெரியுற ஒரு சதுர சென்டிமீட்டருக்குள்ளயே எத்தனையோ கூட்டம். இது எப்படி நடக்குதுன்னா, பி53ங்கிற ஜீனோட வேலையே சேதத்தைக் கண்டதும் செல் பிரியுறதை நிறுத்துறது, ரிப்பேருக்கு டைம் குடுக்கிறது, சரி பண்ணவே முடியாதுன்னா அந்த செல்லையே சாகடிக்கிறது. வெயில்ல வெந்து ரெண்டு நாள் கழிச்சு தோல் உரியுதில்ல, கோடிக்கணக்கான செல்கள் இப்படித் தானா செத்ததோட விளைவுதான் அது. ஆனா பி53யே கெட்டுப்போன செல்லு அங்க இருந்தா? சாகச் சொல்ற உத்தரவு அதுக்குப் போய்ச் சேராது. பக்கத்துல இருக்கிற நல்ல செல்லெல்லாம் விதிப்படி செத்துப் போகும், இது மட்டும் நிக்கும், காலியான இடத்துக்குப் பரவும். எலிகள்ல டக்ளஸ் பிராஷ் குழு உட்பட பல பேர் இதைப் பார்த்திருக்காங்க, யூவி தொடர்ந்து பட்டுக்கிட்டே இருந்தா இந்தக் கூட்டம் பெருசாகிட்டே போகும். அதனால ஒவ்வொரு தடவை தோல் வெந்து உரியும்போதும் புதுசா சேதம் ஆகுறதோட நிக்கல, ஏற்கெனவே கெட்ட செல்லுக்கு நாமளே இடம் காலி பண்ணிக் குடுக்கிறோம்.

இப்போ நிறத்துக்கு வருவோம். வெயில்னா உலகத்துல பாதிப் பேருக்குக் கருத்துடுவோமேன்னு கவலை, மீதிப் பேர் கலர் ஏறணும்னே வெயில்ல போய் படுக்கிறாங்க. ரெண்டு கூட்டமும் பார்க்கிறது நிறத்தை மட்டும்தான், அதுதான் எனக்கு ஆதங்கம். 2007ல டேவிட் ஃபிஷர் குழு காட்டினது என்னன்னா கருக்கிறதை ஆரம்பிச்சு வைக்கிறதுல அதே பி53க்குப் பெரிய பங்கு இருக்கு. மேல் அடுக்கு செல்லுல டிஎன்ஏ அடி வாங்கினதும் பி53 எழுந்து பிஓஎம்சின்னு ஒரு ஜீனை ஓட வைக்கும், அதுலேர்ந்து ஒரு ஹார்மோன் வெட்டி எடுக்கப்பட்டு பக்கத்துல நிறம் செய்யுற மெலனோசைட் செல் மேல இருக்கிற எம்சி1ஆர்ங்கிற வாசல்ல போய் உட்காரும், அது மெலனின்ங்கிற நிறப்பொருளைச் செய்யச் சொல்லும், செஞ்ச மெலனின் சின்னச் சின்ன பொட்டலமா மேல் அடுக்கு செல்லுக்குள்ள அனுப்பப்படும். அந்தப் பொட்டலம் செல்லுக்குள்ள போய் எங்க நிக்குதுன்னு மைக்ராஸ்கோப்ல பார்த்தா ஆச்சரியமா இருக்கும், டிஎன்ஏ இருக்கிற நியூக்ளியஸுக்கு மேல, சரியா வெயில் வர்ற பக்கமா குவிஞ்சு நிக்கும். ஆக நீங்க கருத்துட்டீங்கன்னா டிஎன்ஏ ஏற்கெனவே அடி வாங்கிடுச்சுன்னு அர்த்தம். கருத்துப்போறதைத் தடுக்கணும்னு மட்டும் நினைக்கிறவங்க நிறத்தை வெளுக்க வைக்கிற க்ரீமைத் தேடிப் போறாங்க. அது பாதுகாப்பைத்தான் குறைக்குது, அடியைத் தடுக்கிறதில்ல.

அதே பிஓஎம்சியிலேர்ந்து பீட்டா எண்டார்ஃபினும் வருது, உடம்பே செய்யுற அபின் வகைப் பொருள். வெயில்ல படுத்தா சுகமா இருக்குன்னு சொல்றவங்க பொய் சொல்லலை.

பிறவியிலேயே கருத்த தோல் உள்ளவங்களுக்கு மெலனின் நிஜமாவே பெரிய துணை. கருப்பினத்தவர் மேல்தோல் தர்ற பாதுகாப்பு, சன்ஸ்கிரீன் லேபிள்ல போடுற எஸ்பிஎஃப் கணக்குல 13 மாதிரி, வெள்ளைத் தோலுக்கு 3 மாதிரின்னு 1979லயே ஒரு அளவீடு வந்துச்சு. தோல் கேன்சர் ரொம்பக் கம்மியா வர்றதுக்கும் சுருக்கம் பத்து இருபது வருஷம் தள்ளி வர்றதுக்கும் அதுதான் காரணம். ஆனா 13ங்கிறது முழுத் தடை கிடையாது, அதையும் தாண்டி டைமர் உண்டாகத்தான் செய்யுது, சுருக்கத்துக்கு முன்னாடி திட்டுத் திட்டா நிறம் மாறுறதுதான் கருத்த தோலுக்கு முதல் அடையாளமா வரும், அதுக்குக் கண்ணுக்குத் தெரியுற சாதாரண வெளிச்சமே கூட காரணமாகும். இன்னொண்ணும் சொல்லணும், மெலனினுக்கே ஒரு மறுபக்கம் இருக்கு. அதே 2015ல பிராஷ் குழு கண்டுபிடிச்சது, யூவி பட்டதுக்கு அப்புறம் மெலனோசைட்டை இருட்டுல வச்சாலும் மூணு மணி நேரத்துக்கு மேலயும் புதுப் புது டைமர் உண்டாகிக்கிட்டே இருக்கு, ஏன்னா யூவியால கிளம்பின ரியாக்டிவ் மூலக்கூறுகள் மெலனினைத் தூண்டி, அது வெளிச்சமே இல்லாம அந்த சக்தியை டிஎன்ஏவுக்குக் கடத்துது. வெயில்லேர்ந்து வீட்டுக்குள்ள வந்தாச்சு, ஃபேன் போட்டாச்சு, தோலுக்குள்ள இன்னும் முடியல.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் மேல் அடுக்கு. சுருக்கம் உண்டாகுறது அதுக்குக் கீழ, டெர்மிஸ்ல. அங்க தோலைத் தாங்கிப் பிடிக்கிறது கொலாஜன், ஃபைப்ரோபிளாஸ்ட் செல் அதை நெய்யுது. மிச்சிகன் யுனிவர்சிட்டியில கேரி ஃபிஷர் (இவர் வேற ஃபிஷர்), ஜான் வூர்ஹீஸ் ரெண்டு பேரும் 1990கள்ல தொடர்ச்சியா காட்டினாங்க, தோல் செவக்கிறதுக்குக் கூட பத்தாத அளவு யூவியே ஏபி1ங்கிற சுவிட்சைப் போட்டுவிடுது, அது எம்எம்பி1ன்னு கொலாஜனை வெட்டுற என்சைமோட ஜீனை ஓட வைக்குது, அதே நேரம் புதுக் கொலாஜன் செய்யுற ஜீனை அடக்குது. வெட்டுறது கூடுது நெய்யுறது குறையுது. தோல்ல இருக்கிற கொலாஜன் ரொம்ப நாள் நிக்கிற சரக்கு, பாதி மாறவே சுமார் 15 வருஷம் ஆகும்னு அளந்திருக்காங்க, அதனால ஒரு தடவை வெட்டுப்பட்டது அவ்வளவு சீக்கிரம் சரியாகாது. பிடிச்சுக்க கொலாஜன் இல்லாத ஃபைப்ரோபிளாஸ்ட் சுருங்கிப்போய் இன்னும் கம்மியா நெய்யும். தோலை இழுத்துவிட்டா திரும்ப வர வைக்கிற எலாஸ்டின் கதை வேற, அது குறையாம கன்னாபின்னான்னு சுருண்டு கட்டி கட்டியா சேர்ந்துடும், அதுதான் வெயில்ல காய்ஞ்ச பின்கழுத்துல தோல் மஞ்சளா தடிச்சு ஆழமா வெட்டின மாதிரி கோடு விழுறதுக்குக் காரணம். இதோட செல்லுக்கு சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள இருக்கிற தனி டிஎன்ஏவுலேர்ந்து 4,977 எழுத்து மொத்தமா காணாமப் போறதும் வெயில் பட்ட தோல்ல அதிகமா இருக்கு.

அப்போ வெயிலே படாம இருந்தா தோலுக்கு வயசே ஆகாதான்னு கேட்டா, ஆகும், ஆனா வேற மாதிரி. மெலிசா, வறண்டு, லேசான கோடோட, நிறம் பெருசா மாறாம. ஒவ்வொரு தடவை செல் பிரியும்போதும் குரோமோசோம் நுனியில இருக்கிற டெலோமியர் தேயும், ஒரு கட்டத்துல செல் பிரியுறதை நிறுத்திடும், நிறுத்தினது சும்மா இருக்காம அக்கம்பக்கத்துல அழற்சியைக் கிளப்புற பொருளைச் சுரந்துக்கிட்டே இருக்கும். அதுபோக டிஎன்ஏ எழுத்து மாறாம, மேல ஒட்டியிருக்கிற மெத்தில்ங்கிற சின்ன ரசாயனக் குறிகள் வயசோட இடம் மாறுது. ஸ்டீவ் ஹார்வத் 2013ல இப்படி 353 இடத்தை மட்டும் பார்த்து ஒருத்தரோட வயசைக் கிட்டத்துல சொல்ற கணக்கைக் கொண்டு வந்தார், 2018ல தோலுக்கும் ரத்தத்துக்கும்னே 391 இடத்தை வச்சு இன்னொண்ணு. 2015ல வயசானவங்க தோல்ல வெயில் பட்ட இடத்தையும் படாத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தப்போ, பட்ட இடத்தோட மேல்தோல்ல பெரிய பெரிய பகுதிகளா மெத்தில் குறி குறைஞ்சிருந்துச்சு, தோல் கேன்சர்ல தெரியுற அதே போக்கு.

பரம்பரைக்கும் பங்கு உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். எம்சி1ஆர் ஜீன்ல சில மாற்றம் இருக்கிறவங்க சராசரியா ரெண்டு வயசு வரைக்கும் கூடுதலா தெரியுறாங்கன்னு 2016ல நெதர்லாந்துல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, வெயில், நிறம், சுருக்கம் எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும். ரெண்டு வயசுதான். தாத்தா மணிக்கட்டுல நான் பார்த்தது ரெண்டு வயசு வித்தியாசம் இல்ல.

சரி, செய்யக்கூடியது என்ன? ஆஸ்திரேலியாவுல நாம்பூர்ங்கிற ஊர்ல 1992லேர்ந்து 1996 வரைக்கும் அடெல் கிரீன் குழு ஒரு பெரிய சோதனை நடத்துச்சு. ஊர்க்காரங்களைக் குலுக்கல் முறையில பிரிச்சு ஒரு கூட்டத்துக்கு தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லி, இன்னொரு கூட்டத்தை அவங்க இஷ்டத்துக்கு விட்டாங்க. 55 வயசுக்கு உட்பட்ட 903 பேரோட புறங்கையில சிலிகான் வச்சு அச்சு எடுத்தாங்க, ஆரம்பத்துல ஒண்ணு, நாலரை வருஷம் கழிச்சு ஒண்ணு. தினமும் போட்டவங்க கையில தோல் மூப்பு 24 சதவீதம் கம்மி, அந்த நாலரை வருஷத்துல கண்டுபிடிக்கிற அளவுக்குப் புதுசா மூப்பே ஏறல. செதில் செல் கேன்சர்ங்கிற தோல் கேன்சர் சுமார் 40 சதவீதம் குறைஞ்சுது, பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா மெலனோசைட்லேர்ந்து வர்ற மெலனோமாங்கிற ஆபத்தான கேன்சரும் 22 பேருக்குப் பதிலா 11 பேருக்குத்தான். சாதாரண சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 16 உள்ளது. இப்போ கடையில கிடைக்கிறது அதைவிட நல்லாவே இருக்கு.

ஆனா நாம பூசுற அளவு? லேபிள்ல இருக்கிற எண் வரணும்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் போடணும், பெரும்பாலானவங்க போடுறது அதுல பாதி கூட இல்ல. எஸ்பிஎஃப் எண் முக்கியமா யூவிபியைப் பத்தினது, அதனால யூவிஏவையும் தடுக்குதான்னு பார்த்து வாங்கணும், திட்டு திட்டா கருப்பு வர்றவங்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த டிண்ட் உள்ளது நல்லது. என்னைக் கேட்டா க்ரீமுக்கு முன்னாடி துணியும் நிழலும். நெருக்கமா நெய்த முழுக்கை சட்டைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசுற வேலை இல்ல. போன்ல வானிலை பார்க்கும்போது யூவி இண்டெக்ஸையும் பாருங்க, 3 இல்ல அதுக்கு மேல இருந்தா பாதுகாப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. சூடு தெரியாத மேகமூட்டமான நாள்லயும் அது 3ஐத் தாண்டலாம். வெயிலே கூடாதுன்னு நான் சொல்ல வரல, வைட்டமின் டி தோல்ல உண்டாக அதே யூவிபிதான் வேணும். ஆனா அதுக்குத் தேவைப்படுற நேரம் கம்மி, தோல் செவக்கிற வரைக்கும் நிக்க வேண்டியதே இல்ல.

ஏற்கெனவே ஆனதுக்கு, நல்ல ஆதாரம் உள்ள மருந்துன்னா ட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ வகை, செல்லுக்குள்ள போய் நேரா ஜீன் லெவல்ல வேலை செய்யும், ஏபி1ஐ அடக்கும், கொலாஜனைத் திரும்ப நெய்ய வைக்கும். தோல் டாக்டர் பார்த்துதான் குடுக்கணும், கர்ப்பமா இருக்கிறவங்க தொடவே கூடாது. டிஎன்ஏவையே ரிப்பேர் பண்ணும்னு டப்பா மேல எழுதி விக்கிற க்ரீமை நம்பி அந்தக் காசைச் செலவு பண்ணாதீங்க, அந்த யோசனை பொய் இல்ல, பாக்டீரியாவைத் தாக்குற வைரஸோட ரிப்பேர் என்சைமை லோஷன்ல வச்சு ஜீரோடெர்மா நோயாளிகளுக்குக் குடுத்து கேன்சருக்கு முந்தின நிலையில இருக்கிற புதுப் புள்ளிகள் நல்லாவே குறைஞ்சதை 2001லயே காட்டிட்டாங்க, ஆனா அது மருத்துவ சோதனை, டப்பாவுல இருக்கிறது அது இல்ல. 2022ல இங்கிலாந்துல பாப்ரஹாம் இன்ஸ்டிட்யூட்ல ஃபைப்ரோபிளாஸ்ட்டை 13 நாள் ரீப்ரோகிராம் பண்ணி, அதாவது இளம் நிலைக்குத் திருப்புற மாதிரி மாத்தி, மெத்தில் கணக்குல 30 வருஷம் பின்னாடி கொண்டு போனாங்க. படிக்கும்போது மயிர்க்கூச்செறியுது, ஆனா அது கண்ணாடித் தட்டுல இருந்த செல்லு, யாரோட கன்னமும் இல்ல.

பூசும்போது எல்லாரும் விட்டுடுற இடம் காது மடல், பின்கழுத்து, உதடு, புறங்கை, வழுக்கை இருந்தா உச்சந்தலை. மச்சம் ஏதாவது பெருசாகுது, ஓரம் கோணலாகுது, நிறம் கலக்குது, ரத்தம் கசியுதுன்னா தள்ளிப்போடாம டாக்டர் கிட்ட காட்டிடுங்க. கருத்த தோல் உள்ளவங்க உள்ளங்காலையும் நகத்துக்கு அடியிலயும் சேர்த்துப் பாருங்க, அவங்களுக்கு மெலனோமா அதிகமா வர்றது வெயிலே படாத அந்த இடங்கள்லதான், அதனாலேயே ரொம்பத் தாமதமா கண்டுபிடிக்கிறாங்க.